வேடமும் திரிபும்

‘வேடம்’ என்னுஞ் சொல் இற்றை வழக்கில் பெரும்பாலும் இழிபொருளிலேயே வழங்குகின்றது. ‘வேடதாரி’ என்றால் வஞ்சகன். ‘வேடம் கலைந்தது’ என்றால் பொய் வெளிப்பட்டது. ஆனால், பெரியபுராணம் பயில்வோர் இச்சொல் ‘திருவேடம்’ என அடைபெற்று வணக்கத்துக்குரியதாய் நிற்பதைக் காண்பர். கூத்துக் கலைஞர் வாயிலோ ‘வேடம் கட்டுதல்’ என்பது தொழிற்பெயராய், பெருமையோடு வழங்குகின்றது. இம்மூன்று வழக்குகளுள் முதலாவதையே அளவுகோலாகக் கொண்டு நம் பழங்கதைகளைப் படிப்பதனால் நேரும் பிழைகள் பல. மாற்றுருக் கொள்வோரெல்லாம் உண்மையை மறைப்போர் என்றும், மாற்றுரு கழன்றபின் எஞ்சுவதே மெய் என்றும் கொள்வது அத்தகைய பிழை. தமிழ்க் கலைமரபில் கொண்ட கோலம் கொண்டவரைப் பிணிக்கும் என்பதே நாம் ஈண்டு நிறுவ விழைவது. அதனோடு, கோலம் கொள்ளுதல் வேறு, திரிதல் வேறு என்பதைப் பழைய நூலாசிரியர் அறிந்திருந்தனர் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சிலப்பதிகாரத்திலிருந்து தொடங்குவோம். கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல் கூறப்படுகின்றது. அவை தேவர் ஆடிய ஆடல்கள். கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவனுடையவை. அல்லியமும் மல்லும் குடமும் மாயோனுடையவை. துடியும் குடையும் முருகனுடையவை. எஞ்சிய நான்கனுள் மரக்கால் மாயவளுக்கும், பாவை திருமகளுக்கும், கடையம் அயிராணிக்கும், பேடு காமனுக்கும் உரியன. இவற்றை நின்றாடல், வீழ்ந்தாடல் எனப் பகுத்து உரையாசிரியர் விளக்கிய பகுதி மாணவர் யாவரும் அறிந்ததே. நம் ஆய்வுக்கு வேண்டுவது வேறொரு பகுப்பு. இவ்வாடல்களுட் சில, தெய்வம் தன் இயல்புருவில் ஆடியவை அல்ல. திருமகள் அவுணரை மயக்கப் பாவையின் வடிவு கொள்கின்றாள். இந்திரன் தேவி உழத்தியாகி வயலருகே நின்று ஆடுகின்றாள். சிறைப்பட்ட தன் மகனை மீட்கச் சோ நகர் சென்ற காமன் பேடியாகின்றான். ஆகவே மாதவி பேடு ஆடும்போது அரங்கில் இருப்பவர் எத்துணையர்? ஆடல்மகள் ஒருத்தி, அவள் காமனாகின்றாள், அக்காமன் பேடியாகின்றான். அம்மாதவியோ சாபத்தால் மண்ணில் பிறந்த உருப்பசியின் வழிவந்தவள் எனப்படுகின்றாள். உருவின்மேல் உருவாக அடுக்கிய இவ்வமைப்பை இளங்கோவடிகள் ஒரு வியப்பாகவும் சுட்டவில்லை. விண்ணிலிருந்து இந்திரவிழாக் காண வந்த விஞ்சையன் தன் காதலிக்கு இவற்றை ஒவ்வொன்றாய்க் காட்டிச் செல்கின்றான், அவ்வளவே.

இவ்விடத்து ஒரு சொல்லாட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. காமனது ஆடலைக் கூறும் அடியில் அடிகள் ‘திரிதல்’ என்னும் வினையையும் ‘கோலம்’ என்னும் பெயரையும் ஒருங்கே ஆள்கின்றார். மேற்கொண்ட கோலத்தைச் சொல்லுமிடத்தே, பால் திரிந்த மாந்தரைக் குறிக்கும் சொல்லும் வந்து சேர்கின்றது. காமனுக்கு அது கோலம். மகனை மீட்டபின் அவன் அதனைக் களைவான். ஆனால் அக்கோலத்துக்கு மூலமாய், களையவியலாத வாழ்க்கையாய், அவ்வியல்பினர் மண்ணில் இருந்தனர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் சொல்லை உயர்திணைக்கண் வைத்து, அதற்குரிய வினைமுடிபும் வகுத்துள்ளார். இலக்கணம் அவரை வேடமிட்டவராகக் கருதவில்லை, திரிந்தவராகவே கருதியது. இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் மீள்வோம்.

வேட்டுவ வரியில் நாம் காண்பது மற்றொரு நிலை. ஊரின் வளம் குன்றியது, கொற்றவைக்குரிய கடன் செலுத்தப்படவில்லை என்று தெய்வமுற்ற சாலினி உரைக்க, எயினர் தம் தொல்குடியிற் பிறந்த குமரி ஒருத்தியைக் கொற்றவையாக அணிசெய்கின்றனர். பாம்புக் குருளை போன்ற நாணால் கூந்தலைச் சுற்றி முடி கட்டுகின்றனர், பன்றியின் கோடு பிறையாகின்றது, புலிப்பல் தாலியாகின்றது, புலித்தோல் மேகலையாகின்றது, கையில் வில் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றுகின்றனர். அணிகலன் ஒவ்வொன்றும் அவ்வேட்டுவரின் காட்டிலிருந்தும் தொழிலிலிருந்தும் வந்தமையே இதன் சிறப்பு. கோயிற் படிமத்தை அவர்கள் போலச் செய்யவில்லை. தம் வாழ்க்கையின் பொருள்களைக் கொண்டே தெய்வத்தை ஆக்குகின்றனர். அக்கோலத்தின் முன்னிலையில், வழிநடந்த வருத்தத்தோடு கணவனருகே இருந்த கண்ணகியை நோக்கித் தெய்வமுற்ற வாக்கு எழுகின்றது. அவளைப் பல நாட்டுக்கும் உரியவளாய்ப் புகழ்கின்றது. கண்ணகியோ, அறிவு முதிர்ந்தவள் மயங்கிப் பேசுகின்றாள் எனக் கருதிக் கணவன் பின்னே ஒடுங்கி நாணுகின்றாள். காப்பியம் முடியுமுன் அவ்வாக்கே மெய்யாகின்றது. கோலம் கொண்டவர் அவையில் பிறந்த சொல், கோலமில்லாத கண்ணகி தன்னைக் குறித்து அறிந்ததினும் மிகுதியாக அறிந்திருந்தது. வரந்தரு காதையில் சிறுமியர் மூவர் வாய்வழியே கண்ணகியின் தாயும், கோவலன் தாயும், மாதரியும் பேசுவதையும் இதனோடு வைத்து எண்ணலாம்.

மணிமேகலையில்தான் இச்சிக்கல் முழுவடிவு பெறுகின்றது. மணிமேகலா தெய்வம் அவளுக்கு அருளிய மந்திரங்களுள் ஒன்று வேற்றுரு எய்தத் துணைசெய்வது. உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் சம்பாபதி கோயிலுட் புகுந்து காயசண்டிகையின் உருவோடு வெளிவருகின்றாள். யானைத்தீ என்னும் தீராப்பசியால் பன்னீராண்டு வருந்திய விஞ்சை மகள் காயசண்டிகை. மணிமேகலை இட்ட உணவாலேயே அவள் பசி தீர்ந்து தன் ஊர் நோக்கிச் சென்றாள். சென்றுவிட்டவளின் உருவம் யாரையும் உறுத்தாது, அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது இயல்பே. அவ்வுருவோடே மணிமேகலை சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளோர்க்கு உணவளிக்கின்றாள். மன்னனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் வரமும் பெறுகின்றாள். மாற்றுருவில் செய்த அறமும் அறமே என்பதில் சாத்தனார்க்கு ஐயமில்லை.

ஆனால் காயசண்டிகைக்குக் கணவன் ஒருவன் உண்டு. பன்னிரண்டாண்டு கழிந்ததும் மனைவியைத் தேடி வந்த காஞ்சனன், உலகவறவியில் அவளைக் காண்கின்றான். அவளோ தன்னைப் பாராது, வேறோர் ஆடவனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி யாக்கையின் நிலையாமையை எடுத்துரைக்கின்றாள். கணவன் கண்ணுக்கு அது காதலுரையாடலாகத் தோன்றுகின்றது. நள்ளிரவில் உதயகுமரன் அங்கு வந்தபோது காஞ்சனன் வாளுக்கு இரையாகின்றான். இறந்தவனோ முற்பிறப்பில் மணிமேகலையின் கணவனாய் இருந்த இராகுலன். எவனிடமிருந்து விலக அவ்வுரு கொண்டாளோ, அவனது சாவுக்கே அவ்வுரு வாயிலாயிற்று. காயசண்டிகை வழியிலேயே விந்தகடிகையின் வயிற்றுட் புகுந்து மடிந்தாள் என்று கந்திற்பாவை காஞ்சனனுக்கு உரைக்கின்றது. உருவத்துக்கு உரியவளும் இல்லை. உருவத்தைத் தேடி வந்தவனும் வெறுங்கையனாய் மீள்கின்றான்.

இப்பகுதியை ஊழின் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவதோடு அமைவது மரபாகிவிட்டது. கந்திற்பாவையும் ஊழையே கூறுகின்றதென்பது உண்மை. எனினும் காப்பியத்தின் நிகழ்ச்சியமைப்பு இன்னொன்றையும் உணர்த்துகின்றது என்பது நம் கருத்து. பிறர் உருவை எடுப்பவர் அதன் உறவுகளையும் கடன்களையும் சேர்த்தே எடுக்கின்றார். முகத்தை மட்டும் கடன் வாங்க இயலாது. பின்னர் வஞ்சியில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்கச் செல்லும்போது மணிமேகலை ஆண் தவசி ஒருவரின் வடிவு கொள்கின்றாள். அது தனியொருவர்க்குரிய வடிவன்று. எவருடைய மனைவியும் மக்களும் தேடிவாராத பொதுவடிவம். சாத்தனார் இத்தெரிவைக் கருதியே அமைத்தாரா என்று துணியவியலாது. ஆயினும் முதல் மாற்றுரு கொலையில் முடிய, இரண்டாவது கல்வியில் முடிகின்றது.

சேக்கிழார் காலத்துக்கு வருமிடத்து, வேடத்துக்கு ஆட்படுவோர் அதனைப் புனைந்தவர் அல்லர், காண்பவர். இரண்டாம் குலோத்துங்கன் (ஆட்சி 1133–1150) காலத்தவரான அவர், வேடத்தால் உயிர்துறந்த இருவரைப் பாடுகின்றார். திருக்கோவலூரில் மெய்ப்பொருளாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் நீறு பூசி, சுவடிக்கட்டினுள் கத்தியை ஒளித்து, ஆகமம் உரைப்பவன்போல் வந்து குத்துகின்றான். குத்துண்டு வீழ்கின்றவர் மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணித்து, அச்செய்தி கேட்கும்வரை உயிர் தாங்குகின்றார். ஏனாதிநாதர் செய்தி இதனினும் நுட்பமானது. அதிசூரன் நெற்றியில் நீறு பூசிக் கேடகத்தால் மறைத்து வந்து, நெருங்கியபின் விலக்கிக் காட்டுகின்றான். ஏனாதியார் போரை நிறுத்துகின்றார். ஆனால் வாளைக் கீழே போடவில்லை. படைக்கலமில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி திருநீறு அணிந்த அவனுக்கு வரலாகாது என்று எண்ணி, பொருபவர்போல் வாளேந்தியே நிற்கின்றார்! பகைவன் வேடமிட்டான், அதற்கு விடையாக நாயனாரும் போர்புரிபவர்போல் ஒரு வேடம் புனைகின்றார். முன்னதன் நோக்கம் கொலை, பின்னதன் நோக்கம் கொலைஞனின் நற்பெயர். இக்கதைகளைப் பேதைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி நகைப்போர் நம் காலத்தும் உளர். அவர் நகைப்பு, வேடம் என்பது உள்ளிருப்பவனின் உடைமை என்னும் கொள்கைமேல் நிற்பது. சேக்கிழார்க்கோ வேடம் அடியார் கூட்டத்தின் பொதுவுடைமை. அணிந்தவன் தீயவனாதலால் அது தீயதாகிவிடாது.

ஏட்டிலக்கியத்தை விடுத்துக் கூத்துக் களத்துக்குச் சென்றால் இக்கொள்கை இன்றளவும் செயற்படுவதைக் காணலாம். வட தமிழகத்துத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. மென்மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த முடியும் புயகீர்த்தியும் அணிந்த வேடம் ‘கட்டை வேடம்’ எனப்படும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்தே அது முதலில் களத்துக்கு வருகின்றது. பாத்திரத்தைப் படர்க்கையில் வருணிக்கும் விருத்தம் திரைக்குப் பின்னே ஒலிக்கின்றது. கட்டியங்காரன் ‘யார்’ என வினவ, உரையாடல் மெல்ல மெல்லத் தன்மைக்கு மாறுகின்றது. ‘அவன்’ என்பது ‘நான்’ ஆகும் அந்த இடைவெளியே கூத்தின் கருவறை என்று கூறினும் மிகையாகாது. அருச்சுனன் தபசு நாளில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தின் உச்சிக்கு ஏறிப் பாடுகின்றார். அங்கிருந்து எலுமிச்சையும் திருநீறும் வீசுகின்றார். கீழே மகப்பேறு வேண்டும் பெண்டிர் அவற்றை ஏந்தக் காத்துக் கிடக்கின்றனர். மரத்தின்மேல் இருப்பவர் அண்டை ஊர்க்காரர் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். அறிந்தும் பெறுகின்றனர். பாண்டவர் ஐவரும் பாஞ்சாலியும் உருமறைந்து வாழ்ந்த விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்பதும் நம் ஊர்களின் நம்பிக்கை. வேடத்தின் கதையே மழைக்கு வாயிலாக எண்ணப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

1977-இல் கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி (1936–2018) புரிசைக் கண்ணப்ப தம்பிரானின் கூத்தைத் தமிழ் நவீன நாடகத்துக்குரிய மூலமாகக் கொண்டார். உளவியல் வழியே பாத்திரத்துள் புகும் மேலைநாட்டு நடிப்புமுறைக்கு மாறாக, உடலும் குரலும் உடையும் ஒருவரை வேறொருவராக்கும் வழியை அவர் அங்குக் கண்டார். இதனைப் பழமைப் பற்று என்று ஒதுக்கியோர் உண்டு. ஆயினும் பாத்திரத்தின் ‘உள்ளம்’ என்ற ஒன்றைத் தேடிக் களைத்த அரங்கம், திரைக்கு வெளியே வரும் ஓர் அடியில் அதைக் கண்டது என்றே நாம் கருதுகின்றோம்.

இடைக்காலத்து நாடகமேடையை, அதாவது சங்கரதாச சுவாமிகள் (1867–1922) வளர்த்த மேடையையும் அதன் வழித்தோன்றல்களையும், விரிப்பின் பெருகும். ஔவையார் என்னும் ஒரே பாத்திரத்தைக் கொண்டு சிலவற்றைக் கூறுவோம். ஔவையின் கதையே உருமாற்றக் கதை. மணவாழ்வை வேண்டாத இளம்பெண், பிள்ளையாரை வேண்டி முதுமை பெறுகின்றாள். பெற்றபின் உலகமெங்கும் தடையின்றி நடக்கின்றாள். இளமையே அவளுக்குப் பொருந்தாத வேடம்போலும்! இம்மூதாட்டியாக மேடையேறிய டி. கே. சண்முகம் (1912–1973), அதன்பின் ‘ஔவை சண்முகம்’ என்றே நாட்டுக்கு அறிமுகமானார். வேடம் பெயராய் ஒட்டிக்கொண்டது; பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னே சென்று நின்றது. 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் அப்பாத்திரம் ஏற்றவர் கே. பி. சுந்தராம்பாள். 1933-இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டவர் அவர். 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாராக, ஆண்வேடத்தில் தோன்றினார். காதற்பாத்திரங்களை விலக்கிய பெண்ணொருத்திக்குத் திறந்திருந்த வழிகள் ஆணாவதும் மூதாட்டியாவதுமே. பிள்ளையாரிடம் முதுமை வேண்டிய கன்னியின் கதை, அதனை நடித்தவர் வாழ்வில் மீண்டும் நிகழ்ந்தது என்னலாம்.

இற்றை ஓவிய, ஒளிப்படக் கலையுலகில் இப்பொருளை நேரிற் கையாண்டவர்களுள் பெங்களூரைச் சேர்ந்த என். புஷ்பமாலா குறிப்பிடத்தக்கவர். சிற்பியாகத் தொடங்கிய இவர், ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்களின் படவரிசையில் தாமே ஒவ்வொரு பெண்ணாகவும் கோலம் கொள்கின்றார். இரவிவர்மாவின் இலட்சுமி, நிலவொளியில் அமர்ந்த மங்கை, பிசப்பூர் ஓவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, தமிழ்த் திரைப்படக் காட்சியொன்றின் நாயகி எனப் பல உருவங்கள். இவற்றுள் நம்மை நிறுத்துவன இரண்டு. ஒன்று, செய்தித்தாளில் குற்றவாளிகளாகக் காட்டப்பட்ட பெண்களின் படத்தைப் பின்பற்றியது. மற்றொன்று, ஆங்கிலேயர் ஆட்சிக்கால மானிடவியலார் உடலளவு காணக் கட்டங்களிட்ட திரையின்முன் நிறுத்தி எடுத்த தோடர் பெண்ணின் படத்தைப் பின்பற்றியது. இலட்சுமியின் கோலத்தைப் புனைகையில் கலைஞர் எடுப்பது ஓர் ஓவியத்தின் உரு. தோடர் பெண்ணின் கோலத்தைப் புனைகையில் அவர் எடுப்பது உயிரோடிருந்து அளக்கப்பட்ட ஒருத்தியின் உரு. அளந்தவனின் செருக்கை எள்ளுவதே நோக்கம் என்பது வெளிப்படை. அவ்வெள்ளல் வெற்றியும் பெறுகின்றது. எனினும் காயசண்டிகையின் கதையைப் படித்த நமக்கு, அப்பெண்ணுக்கு உரியவர் எவரேனும் அப்படத்தின்முன் வந்து நின்றால் என்ன காண்பர் என்னும் வினா எழாமற் போகாது. அவ்வினாவை எழுப்ப வல்லதாய் இருத்தலே அப்படத்தை வரிசையின் பிற படங்களினும் உயர்த்துகின்றது.

இனித் ‘திரிதல்’ என்பதற்கு மீள்வோம். களப்பலியாகுமுன் அரவானை மணக்கக் கண்ணன் மோகினியானான் என்னும் கதை நாட்டு வழக்கில் வேரூன்றியது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராய்த் தாலி அணிந்து, மறுநாள் அதனை அறுத்து வெள்ளுடை பூண்டு அழுகின்றனர். நேர்த்திக்கடனாய்த் தாலி அணியும் ஊர் ஆடவரும் உளர். புறத்தே இருவர் செயலும் ஒன்றே. ஆடவர்க்கு அது கோலம். விழா முடிந்ததும் களைவர். திருநங்கையர்க்கு அங்ஙனமன்று. அவர்கள் கண்ணனது மாற்றுருவைப் போலச் செய்கின்றனர் என்று நூல்கள் எழுதுவதுண்டு. இளங்கோவடிகள் ஓரடியில் இணைத்துவைத்த இரு சொற்களையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவே அது. கண்ணன் பெண்ணானது ஓரிரவுக்கு. இவர்கள் கொண்டதோ வாழ்நாள் முழுமைக்கும். தமிழ்நாட்டரசு 2008-இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014-இல் பாலடையாளத்தைத் தாமே உரைக்கும் உரிமையை இவர்களுக்கு ஏற்றுக்கொண்டது. தொல்காப்பியர் உயர்திணைக்கண் வைத்தவரைச் சட்டம் மாந்தராக ஏற்க இத்துணைக் காலம் சென்றது.

இவ்வரலாற்றைத் தாமே எழுதியோருள் அ. ரேவதி ஒருவர். 2004-இல் திருநங்கையரின் வாழ்வுரைகளைத் திரட்டி அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘உணர்வும் உருவமும்’. பின்னர்த் தம் வாழ்க்கையை ‘வெள்ளை மொழி’ என்னும் தன்வரலாறாக்கினார். அ. மங்கையின் நெறியாள்கையில் அந்நூல் ஓராள் அரங்காகியபோது மேடையேறியவர் ரேவதியே. தம் தாயாகவும், உடன்பிறந்தாராகவும், தம்மைத் துன்புறுத்தியோராகவும் அவர் அங்கு மாறி மாறி உருக்கொள்ளலாம், அவையெல்லாம் வேடங்கள். ரேவதியாக அவர் நிற்கும்போது அதற்குத் திரை பிடிப்பாரும் இல்லை, ‘யார்’ என வினவக் கட்டியங்காரனும் இல்லை. அவ்வினாவைத் தெருவிலும் பேருந்திலும் காவல் நிலையத்திலும் அவர் முன்பே பலகால் எதிர்கொண்டிருந்தார்.